எங்கே போய் வந்தீர்கள்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாறிவரும் மருத்துவ உலகைப் பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். நான் எங்கள் ஊர் நுளம்பைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நாங்கள் இங்கே படித்த நாட்களில் வகுப்பில் ஒருத்தி நடுங்கினால் மலேரியா என்றுதான் முதலில் நினைப்போம். விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பு என் வயதுக்காரருக்கு மறந்திருக்காது.

2016 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் எமது மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. பழைய நுளம்பு ஆற்றுப்படுக்கைக் குட்டைகளில் பெருகியது. இதுவோ கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும், எங்கள் வளவுக்குள்ளேயே.

1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

என் தவறொன்றையும் சொல்கிறேன். வேறொரு மாவட்டத்தில் வேலை செய்தபோது காய்ச்சலோடு ஓர் இளைஞர் வந்தார். டெங்கு என்று எண்ணினேன். இரண்டு தரம் பரிசோதித்தும் டெங்கு இல்லை. மூன்றாம் நாள் கட்டிலருகே இருந்த தாயார், "ஆபிரிக்காவால வந்த நாள்தொட்டுப் பிள்ளைக்குச் சுகமில்லை, டொக்டர்" என்றார். உடனே மலேரியாவுக்குப் பார்த்தோம், இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வீணான அந்த இரண்டு நாட்கள் என் கணக்கில் இருக்கின்றன. இயந்திரம் பிழைவிடவில்லை. நான் கேட்காததை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்று ஒரு துளி இரத்தத்தில் கால் மணித்தியாலத்தில் மலேரியாவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. நாளை இன்னும் விரைவானது வரும். ஆனால் மலேரியாவைக் கண்ணால் காணாத இளம் வைத்தியர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த நோய் நினைவுக்கு வந்தால்தான் பரிசோதனை நடக்கும். வைத்தியராகப் போகும் தங்கைகளே, "எங்கே போய் வந்தீர்கள்?" என்று கேட்க மறவாதீர்கள். மற்றவர்களே, கடல் கடந்து வந்தபின் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வந்து பல மாதமானாலும் சொல்லுங்கள். தொட்டியை மூடி வையுங்கள். கிணற்றில் மீன் விட வரும் சுகாதார ஊழியரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எமது விஞ்ஞான ஆசிரியை ஒருவர், "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு, சொல்லிப்போட்டுத் தேடு" என்பார். இருபது வருடமாக அந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறேன்.