குவான்சோ நகரைச் சூழ்ந்த மலைகள்



சீனத்தின் தென்கீழ்க் கடற்கரையிலுள்ள குவான்சோ நகரைத் தமிழர் மறத்தலாகாது. 1281ஆம் ஆண்டில் அங்குச் சிவன் திருமேனி எழுந்தருளுவிக்கப்பெற்றதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு, 1956இல் அந்நகரிலேயே கிடைத்தது. நம் முன்னோர் கலமேறிச் சென்றடைந்த அவ்வூரின் மலைகளைப் பழம்பெயர் கொண்டு இனங்காண்பது எங்ஙனம் என்பதே இன்று யான் கூறவந்த பொருள்.

இம்முயற்சிக்குத் தடைகள் மூன்று. ஊர்ப்பெயர் இடம்பெயரும், ஒரே மலை பல பெயர் பெறும், ஒலி மயக்கும்.

முதற்றடையைக் காண்போம். குவான்சோ என்னும் பெயர் 711ஆம் ஆண்டுக்கு முன்னர், வடக்கேயுள்ள இன்றைய பூசோ நகரைக் குறித்தது. அவ்வாண்டில்தான் அப்பெயர் இங்கு வந்து சேர்ந்தது. ஆதலின், நூலின் காலம் அறியாது அதில் குறித்த மலையைத் தேடப் புகுவோன் வேறோர் ஊரின் மலையில் ஏறி நிற்பான்.

அடுத்தது பெயர்ப் பன்மை. நகரின் வடபால் நிற்பது சிங்யுவான் மலை. 'தெள்ளூற்று' என்பது அதன் பொருள். வடமலை, ஊற்றுமலை, முகிலளாவு மலை என்பனவும் அதன் பெயர்களே. நான்கு பெயர் கண்டு நான்கு மலை தேடுதல் வீண். நகர்ப்பெயரின் முதலிலுள்ள 'குவான்' என்பதும் ஊற்றையே குறிக்கும்.

இத்தகைய ஐயங்களை நீக்க வல்லது கல்லெழுத்து. மேற்கே, சின் ஆற்றின் வடகரையில், 'ஒன்பதாம் நாள் மலை' உள்ளது. ஒன்பதாம் திங்களின் ஒன்பதாம் நாளில் மக்கள் அதன்மேல் ஏறுவது வழக்கமாதலின் அப்பெயர் பெற்றது. மரக்கலங்களுக்கு நற்காற்று வேண்டி அலுவலர் வழிபட்ட செய்தியை, 1174 முதல் 1266 வரை பொறித்த பத்துக் கல்வெட்டுகள் அப்பாறைகளில் உள. கிழக்கேயுள்ள தெய்வமலையில் இசுலாமியப் பெரியார் இருவரின் அடக்கிடங்கள் உள. 1417இல் கடலோடி செங் கே ஆங்கு வழிபட்டதை ஒரு கல் கூறுகின்றது. நூல் மயக்கும் இடத்தும் கல் தெளிவிக்கும்.

இறுதியாக ஒலி மயக்கம். அயல்நாட்டு வணிகர் இந்நகரைச் 'சைத்தூன்' என்றனர். அரபு மொழியில் அஃது ஒலிவத்தைக் குறிக்கும். ஆயினும் அவ்வூருக்குப் புகழ் தந்தது ஒலிவமன்று; சீனர் 'சித்தோங்' என்னும் மரம். அம்மரம் யாதோ எனின், நம் முருக்கமரமே!

அன்பர்களே! ஒலி சற்றே ஒத்தவுடன் சீன மலைப்பெயர்க்கும் தமிழ் வேர் கூறி முழங்குவோர் நம்மிடையே உளர். அது தமிழ்த்தொண்டன்று, பகைவர் நகைக்க நாமே இடந்தருதலாகும். குவான்சோவில் தமிழன் வாழ்ந்தான் என்பதற்குத் தமிழெழுத்துப் பொறித்த கல்லே சான்று பகர்கின்றது. மெய்யான சான்று கையிலிருக்கப் பொய்ப்பெருமை நமக்கெதற்கு? அவர் மலைகளை அவர் பெயராலேயே அறிவோம். நம் கல்லை நாம் போற்றுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க மெய்ம்மை!