பன்னிரண்டு – சைபர் – பன்னிரண்டு

மதுரைக் கோச்சடைக்காரர்களுக்குப் பைக்காரா என்றால் பசுமலை போகிற வழியில் ஒரு பஸ் நிறுத்தம். நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் பெயர் அது. அந்த மின்சாரத்தை வாங்கிய துணை மின்நிலையத்தால் மதுரையில் ஒட்டிக்கொண்டது. மலையில் வோல்ட்டை ஏற்றி அனுப்பவும் இங்கே இறக்கி வாங்கவும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். தெருமுனையில் 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 தருவதும், டவுன்ஹால் ரோட்டில் ஆம்ப்ளிஃபயருக்காக நீங்கள் வாங்கிவரும் உள்ளங்கை அளவுப் பெட்டியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

உள்ளே இரும்புத் தகடுகள்மேல் இரண்டு சுருள்கள். இரண்டையும் கம்பி இணைக்கவில்லை, காந்தப்புலம் மட்டுமே இணைக்கிறது. உங்கள் விரலுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே நிற்கும் காவல் அந்த இடைவெளிதான். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே சுருள். அதில் இந்தக் காவல் கிடையாது. அதைக் கழற்றி ஆம்ப்ளிஃபயருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளக்கில் செருகுமுன் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 230 பக்கம் மெல்லிய கம்பி, நிறையச் சுற்று. சின்ன டிரான்ஸ்பார்மரில் நூறு ஓமுக்கு மேலும் காட்டும். 12 வோல்ட் பக்கம் ஓரிரண்டு ஓம்தான். பக்கம் மாற்றிக் கொடுத்தால் சுருள் கருகும், மறுபக்கம் உயிருக்கு ஆபத்தான வோல்ட் எழும்.

12–0–12 என்றால் மூன்று கம்பி. நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பிக்கும் இடையே 12, இரண்டு ஓரங்களுக்கும் இடையே 24. டிசி வேண்டுமானால், ஓரத்துக்கு ஒரு டயோடு வைத்து, இரண்டின் கோடு போட்ட முனைகளையும் சேர்த்தால் பிளஸ், நடுக்கம்பி மைனஸ். கெப்பாசிட்டர் போட்டதும் மீட்டர் 16-ஐத் தாண்டும். பழுதில்லை. ஏசியில் 12 என்பது சராசரி வகைக் கணக்கு, அதன் உச்சம் 17. ஆகவே 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஆகாது, 25 வாங்குங்கள். போர்டுக்கு 12-க்கு மேல் ஆகாதென்றால் 7812 ஐசியை நடுவில் போடுங்கள்.

ஃபேஸ் கம்பியில் சுவிட்சும் அரை ஆம்பியர் ஃபியூஸும் இருக்கட்டும். இரும்புப் பெட்டியானால் எர்த் கட்டாயம். முதல் தடவை, ஃபேஸ் கம்பியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள், எல்இடி உதவாது. மினுக்கி மங்கினால் வயரிங் பெரும்பாலும் சரி. பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் எங்கோ ஷார்ட்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டயோடுகளின் திசையை முதலில் பாருங்கள்.