மணியோடு ஒரு துண்டுத்தாள்



மார்க்கத்தில் எங்கள் வீடுகள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த பாசிமணியோ பவளமோ முத்தோ நூல் அறுந்தபடி ஒரு போத்தலுக்குள் கிடக்கும். அவற்றை ஒழுங்காக வைப்பது எப்படி?

முதலில் நிறத்துக்கும் அளவுக்கும் ஏற்பப் பிரியுங்கள். முட்டைப் பெட்டி, ஏழு நாள் குளிசைப் பெட்டி, சின்னக் கண்ணாடிப் போத்தல் எல்லாம் உதவும். முத்தும் பவளமும் மென்மையானவை, இலகுவில் கீறல் விழும். அவற்றைத் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். இறுக்கி மூடிய பிளாஸ்ரிக் பையும், பனிக்காலத்து ஹீற்றர் வறட்சியும் முத்துக்கு ஆகாது.

பெட்டியைவிட முக்கியமான விசயம் ஒன்று உண்டு. மன்னார் மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் மணிகளும் கிடைத்தன. போர் வேலையை நிறுத்தியது. எது எங்கே கிடைத்தது என்ற பதிவுகள் இருந்தபடியால், 2013இல் அந்த ஆய்வு நூலாக வெளிவர முடிந்தது.

நீங்களும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள், மை மங்கிவிடும். அம்மம்மா, அப்பம்மா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு மணி இருக்கும், சொல்ல ஆள் இராது.