410 நாளில் 102 மாடி – யாருக்காக?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் நியூயார்க் நகர நடுவில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் நிற்கிறது. 102 மாடி, 1,250 அடி உயரம். ஒரு பனைமரம் 60 அடி என்றால், 20 பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அதன் உச்சியை எட்டாது. இதைக் கட்டியவர் யார்? எதற்காகக் கட்டினார்கள்?

1930 மார்ச் 6-ந் தேதி, அந்நகரின் யூனியன் சதுக்கத்தில் வேலையற்ற தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். வேலை கொடு, இல்லையேல் கூலி கொடு என்று கேட்டார்கள். போலீஸ் தடி பதில் சொன்னது. பதினோரு நாள் கழித்து, சுமார் 20 தெரு தள்ளி, இந்தக் கட்டட வேலை ஆரம்பமாயிற்று.

ஒரே நாளில் 3,400 பேர் வரை பாடுபட்டார்கள். 57,000 டன் எஃகு, ஒரு கோடி செங்கல்! வாரத்துக்கு நாலரை மாடி வீதம் எலும்புக்கூடு எழும்பிற்று. சாப்பிட இறங்கி ஏறினால் நேரம் வீண் என்று மேல் மாடிகளிலேயே சாப்பாட்டுக்கடை வைத்தார்கள். வேலையில் 5 பேர் மாண்டதாக அதிகாரபூர்வக் கணக்கு.

படம் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். லிப்டுகளையும் குழாய்களையும் நடுவில் வைத்தார்கள். சுற்றிலும் ஆபீஸ் அறைகள். ஜன்னலிலிருந்து 28 அடிக்கு மேல் அறை ஆழமாகப் போகக்கூடாது என்பது கணக்கு. ஏன்? வெளிச்சமில்லாத இடத்துக்கு நல்ல வாடகை வராது! உச்சியில் ஆகாயக் கப்பலைக் கட்டிவைக்க ஒரு கம்பமும் வைத்தார்கள். பலத்த காற்றில் அந்தத் திட்டம் பலிக்கவில்லை.

1931 மே முதல் நாள், ஆம் தோழர்களே, மே தினத்தன்று, ஜனாதிபதி ஹூவர் வாஷிங்டனிலிருந்து பொத்தானை அமுக்கி விளக்கேற்றினார். விளக்கு எரிந்தது, ஆபீசுகள் வரவில்லை. ஏறத்தாழ கால் பங்கு இடத்துக்குத்தான் வாடகைக்கு ஆள் கிடைத்தது. எம்பயர் என்ற பெயரைத் திரித்து, காலிக் கட்டடம் என்று ஊரே கேலி செய்தது. லாபம் காண சுமார் 20 வருஷம் பிடித்தது.

காலி மாடிகள் மேலே. வேலையும் வீடும் இழந்தவர்கள் கீழே, ரொட்டிக்கும் கஞ்சிக்கும் வரிசையில்! இடம் இருந்தது, ஆளும் இருந்தார்கள். இரண்டையும் சேர்க்க வாடகைக் கணக்கு விடவில்லை.

இன்று அங்கே ஆபீசுகள் நடக்கின்றன. உலகமே பார்க்க வருகிறது. 410 நாளில் அதை எழுப்பிய கைகளை நாம் வணங்குவோம். ஆனால் துணி நெய்தவன் கந்தையோடும், நெல் விளைத்தவன் பசியோடும் இருப்பது ஏன் என்று கேட்கும் நமக்கு, அந்தக் காலி மாடிகளின் கதை புதிதல்ல. எதைக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது என்று உழைப்பவன் தீர்மானிக்கும் நாளில்தான் அந்தக் கைகளுக்கு உரிய மரியாதை கிடைக்கும்.