மாதிரிப் படமும் இயந்திர ஓவியனும்

'திண்ணை' என்ற சொல்லை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர்த்துப் பாருங்கள். வராந்தா என்பர், சபூத்ரா என்பர். இரண்டும் திண்ணை ஆகா. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தொல்லை பழகியதுதான். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் வரைவிப்போருக்கும் இதே இடர் நேர்கிறது. சொல்லை மட்டும் கொடுத்தால், அது தான் மிகுதியாகக் கண்டு பழகிய பங்களா முகப்பையே வரைந்து தரும்.

இங்கேதான் மாதிரிப் படம் துணைக்கு வருகிறது. இவ்வகை இயந்திரம் வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, அதைச் சிறிது சிறிதாகத் தெளிவித்து உருவத்தை வெளிக்கொணர்கிறது. நாம் தரும் புகைப்படத்தின் மேல் அப்புள்ளிகளைத் தூவியும் தொடங்கலாம். குறைவாகத் தூவினால் மூலத்தோடு ஒட்டி நிற்கும். மிகுந்தால் மனம்போனபடி திரியும். 2023-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட 'கண்ட்ரோல்நெட்' என்னும் முறை இன்னும் நுட்பமானது. மாதிரியிலிருந்து விளிம்புக் கோடுகளையோ, ஆழத்தையோ, மனிதர் நிற்கும் நிலையையோ பிரித்தெடுத்து, அதற்கு அடங்கி வரையச் செய்கிறது. தூண் நின்ற இடத்தில் தூண் நிற்கும்.

தில்லியிலும் மும்பையிலும் பிறந்த பிள்ளைகளுக்கு, இடிந்துபோன பூர்விக வீட்டைக் காட்ட விரும்புவோர் நம்மில் உண்டு. மங்கிய புகைப்படம் ஒன்று இருப்பின் முயலலாம். ஆனால், அதில் இல்லாத கொல்லையையும் கிணற்றையும் இயந்திரம் கற்பனையாகவே நிரப்பும். பாட்டியின் மூக்குத்தியை மறுபக்கம் மாற்றவும் கூடும். ஆகவே, பிள்ளைகளிடம் காட்டும்போது பழைய புகைப்படத்தையும் அருகில் வையுங்கள். புதிய படத்தின் பின்புறம் 'இயந்திரம் வரைந்தது' என்று ஆண்டோடு எழுதிவைக்கவும் மறவாதீர்கள்.