பூட்டிய பொறியும் திறந்த பொறியும்
(மத்தூரில் ஆற்றிய உரை)



மத்தூர்ப் பள்ளி மாணவன் மடிக்கணினியைத் திறக்கின்றான். அது தமிழில் பேசாதெனின், பேச வைக்கும் உரிமை எவர்க்கு? வழக்கு இதுவே.

விண்டோசின் மூலநிரலை மைக்குரோசாப்டு பூட்டி வைத்துள்ளது. தமிழ் முகப்பு அங்கும் உண்டு, இல்லையென்பது பொய். ஆயினும் தருவதும் நிறுத்துவதும் அந்நிறுவனத்தின் விருப்பம். கட்டற்ற மென்பொருளாகிய இலினக்சிலோ மூலநிரல் அனைவர்க்கும் திறந்தே கிடக்கும். அதனாலன்றோ தமிழிளைஞர், கூலி கருதாது, எவரிடமும் இசைவு இரவாது, கே.டி.இ., குனோம் திரைகளைத் தமிழாக்கினர்!

தமிழ்நாட்டரசும் இவ்வழி நடந்ததுண்டு. உமாசங்கர் மேலாண்மையில் எல்காட் நிறுவனம் 2007 அளவில் இலினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறிற்று. சென்னை சி-டாக் 'பாசு' இலினக்சை ஆக்கித் தந்தது. ஆனால் 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோதோ, பாசின் அருகே விண்டோசும் ஏறி அமர்ந்தது. ஓருறைக்குள் இருவாள்! அந்நாளைய விண்டோசு 7-க்கு விலையின்றி வழங்கிய காப்புத் திருத்தங்களை 2020 சனவரி 14-உடன் அந்நிறுவனம் நிறுத்திற்று. பொறி மாணவனுடையது, முடிவு அமெரிக்காவினுடையது.

அண்டைக் கேரளமோ ஆசிரியர்க்குப் பயிற்சியளித்துப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றிற்று.

'ஓசூர்த் தொழிற்சாலைகள் விண்டோசைத்தானே கேட்கும்?' என்பார் உளர். ஒன்றில் எழுதவும் கணக்கிடவும் தெளிந்தவன் மற்றொன்றைச் சின்னாளில் பழகிக்கொள்வான். நடுவணரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை, திறமூலத்தை விலக்கினால் கரணியம் காட்டச் சொல்கின்றது. மாநிலத்திற்கு அது கட்டளையன்று. எனினும் அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளிவருமுன், அக்கரணியத்தை இங்குள்ள பெற்றோர் எழுத்தில் கேட்கலாம், கேட்கத் தடையேதுமில்லை.