ருசி மேசையும் டீக்கடை பெஞ்சும்



நீலகிரியில் ஒரு தேயிலைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பகல் முழுக்கக் கடை கடையாகக் குடித்ததுதான் வேலை. பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, நம்ம ஊர் டஸ்ட், சிக்கரி போட்ட காபி, போடாத காபி.

ருசி பார்க்கிற மேசைகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். வரிசையா வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், எல்லாம் ஒரே அளவு. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூள்; 6 நிமிடம் ஊறணும். நிபுணர் கரண்டியில் மொண்டு சர்ருன்னு உறிஞ்சுறார், துப்புறார், அடுத்ததுக்குப் போறார். கோப்பைக்குக் கோப்பை வித்தியாசம் இருந்தா தீர்ப்பு சரியா வராதாம்.

தூளுக்குக் காட்டுற நியாயத்தை மனுசனுக்குக் காட்டினார்களா? டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர். குடிச்சிட்டு நாமே கழுவி வைக்கணும். 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தனிச்சட்டமே வந்தது. அதற்கப்புறமும் ஊர் ஊராய் இரட்டை டம்ளர். சில ஊர்களில் அது இன்று பிளாஸ்டிக் கப்பாக வேஷம் மாற்றியிருக்கிறது.

அந்தத் தேயிலையைக் கிள்ளியது யார்? கங்காணிகள் மலையேற்றிய கூட்டத்தில் பெரும்பகுதி நம் சேரிச் சனம். தோட்டத்து மருத்துவராயிருந்த பி.எச்.டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ நாவலில் அந்த அடிமை வாழ்வை எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. அவசியம் படியுங்கள்.

ஊர் டீக்கடைக்குப் போங்க. பெஞ்சில் உட்காருங்க. எல்லார் கையிலும் இருக்கிற அதே டம்ளரைக் கேளுங்க. தனியாப் போகாதீங்க; சேர்ந்து போங்க.